பன்றிக்குக் காய்ச்சல் கொடுத்தது யார்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தயவுசெஞ்சு முடிச்சுட்டு வாங்க. பன்றியோட நுரையீரல் பத்தின சமாச்சாரம் :-)

2009 ஆகஸ்ட் மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 3-ம் தேதி புனேவில் நாட்டின் முதல் பன்றிக் காய்ச்சல் மரணம். அடுத்த வாரமே சென்னையிலும் ஒரு சின்னப் பையன் போய்ச் சேர்ந்தான். மெடிக்கல் ஷாப்ல மாஸ்க் கிடைக்கல. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் பேரு தினம் பேப்பர்ல வந்துச்சு. எங்க திருமுல்லைவாயில்ல, மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போற கூட்டம்கூட குறைஞ்ச மாதிரி எனக்குப் பட்டுது. யாராவது தும்மினா ரயில்ல பக்கத்து சீட்டு காலி.

அப்போ எங்க தெருக்கோடியில காலி மனைங்க நிறைய. அங்கே ஒரு பெரியவர் பத்துப் பதினைஞ்சு பன்றிங்க வளர்த்துக்கிட்டிருந்தார். பகல்ல அதுங்க குப்பைமேட்டுல மேயும், சாயங்காலம் அவர் ஒரு குரல் கொடுத்தா கொட்டாய்க்குத் திரும்பிடும். அதுங்களை அப்புறப்படுத்தணும்னு தெருவாசிங்க ஒரு மனு எழுதினாங்க. "இப்பன்றிகளால் எங்கள் குழந்தைகளுக்குப் பன்றிக் காய்ச்சல் பரவும் அபாயம் உள்ளது". வீட்டுல பையனுக்கு அன்னிக்கு 101 டிகிரி ஜுரம். யோசிக்காம கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு பெரியவரே வாசல்ல வந்து நின்னார். சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டார். "சார், பன்னிகிட்டருந்து வர்றதுன்னா மொதல்ல எங்களுக்குத்தானே சார் வந்திருக்கணும்? எங்க வூட்ல ஒருத்தருக்கும் வரலியே."

என்கிட்ட பதில் இல்ல. பையன் ஜுரம் மூணு நாள்ல சரியாப் போச்சு, அது சாதாரண ஜுரம்தான். பன்றிங்களை அவர் வந்த விலைக்கு வித்துட்டு எங்கேயோ போயிட்டார். அந்தக் கேள்வி மட்டும் இங்கேயே தங்கிடுச்சு. அதுக்குப் பதில் தேடிப் படிச்சதுதான் இனி வர்றது.

கதை 1918-ல் ஆரம்பிக்குது. முதல் உலகப்போர் முடியிற நேரம். உலகம் பூரா ஒரு விஷக்காய்ச்சல். கப்பல் ஏறி பம்பாய் வழியா நம்ம நாட்டுக்குள்ளயும் வந்து ஒரு கோடிக்கும் மேல உயிர்களைக் கொண்டுபோன அதே காய்ச்சல்தான். அந்த வருஷம் இலையுதிர் காலத்துல அமெரிக்காவின் அயோவா மாநிலத்துல, சீடர் ராப்பிட்ஸ் ஊர்ல பெரிய பன்றிக் கண்காட்சி. அங்கே வந்த பன்றிங்க திடீர்னு கொத்துக் கொத்தா படுத்துடுச்சு. ஜுரம், மூக்கொழுகல், குரைக்கிற மாதிரி இருமல், வயிறு எக்கி எக்கி மூச்சு. கண்காட்சி முடிஞ்சு வீட்டுக்குப் போன பன்றிங்க அங்கங்கே இருந்த மந்தைக்கும் கொடுத்துடுச்சு.

ஜே.எஸ்.கோயன்னு ஒரு அரசு கால்நடை ஆய்வாளர் இதைப் பார்த்தார். வீட்டுல மனுஷங்க படுத்தா கொட்டில்ல பன்றி படுக்குது, கொட்டில்ல படுத்தா வீட்டுல படுக்குறாங்க. ரெண்டும் ஒரே நோய்னு துணிஞ்சு சொன்னார். பன்றி வளர்க்கிறவங்களும் இறைச்சி வியாபாரிங்களும் அவர் மேல பாய்ஞ்சாங்க. "ஜனங்க பன்றிக்கறி வாங்கறதை நிறுத்திட்டா யார் பொறுப்பு?" என்கிற கவலை. எந்தக் காலத்துலயும் பேரு வைக்கிறதுலதான் பெரிய சண்டையே.

அவர் சொன்னதை அறிவியல் ஒத்துக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதே அயோவாவில் பிறந்த ரிச்சர்ட் ஷோப் என்கிற ராக்பெல்லர் ஆய்வாளர், நோயுற்ற பன்றியோட மூச்சுக்குழல் சளியை எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில வடிகட்டி, நல்ல பன்றியோட மூக்குல விட்டார். லேசான நோய் வந்துச்சு. கூடவே சளியிலிருந்த ஒரு பாக்டீரியாவையும் சேர்த்து விட்டார். நிஜமான, கடுமையான நோய் வந்துச்சு. பாக்டீரியாவை மட்டும் தனியா விட்டா ஒண்ணும் ஆகல. 1931-ல் இதை வெளியிட்டார். வைரஸ் கதவைத் திறந்துவிடும், பாக்டீரியா உள்ள புகுந்து கொள்ளையடிக்கும். பன்றியோட நுரையீரல் நோய்கள் பத்தி இன்னிக்கும் கால்நடை மருத்துவர்கள் பேசுறப்ப இந்த ரெட்டைத் தாக்குதல் கண்டிப்பா வரும்.

மனுஷனோட ஃப்ளூ வைரஸை லண்டன்ல ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூணு பேரும் பிரிச்சு எடுத்தது 1933-ல். அதாவது பன்றி நம்மளை ரெண்டு வருஷம் முந்திக்கிச்சு :-)

ஷோப் அதோட விடல. மனுஷங்க ரத்தத்தைச் சோதிச்சார். 1918-ஐப் பார்த்த பெரியவங்க ரத்தத்துல பன்றி வைரஸை எதிர்க்கிற சக்தி இருந்துச்சு. அதுக்கப்புறம் பிறந்த சின்னப் பிள்ளைங்க ரத்தத்துல அது கிடைக்கல. 1918-க்கு முன்னாடி பன்றிக்கு இப்படி ஒரு நோய் வந்ததா யாரும் எழுதி வைக்கவும் இல்ல. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து பெரும்பாலான ஆய்வாளர்கள் வந்த முடிவு: அந்த வருஷம் பன்றிக்கு ஃப்ளூவைக் கொடுத்தது மனுஷன்.

படிச்சப்ப எனக்குப் பெரியவர் ஞாபகம்தான் வந்துச்சு.

சரி, அப்போ 2009? இங்கேதான் நியாயமா பேசணும். 1918-ல் நம்மகிட்ட வாங்கின வைரஸைப் பன்றிங்க தலைமுறை தலைமுறையா வச்சிருந்துச்சு. 1990-களின் கடைசியில அமெரிக்கப் பன்றிகள்ல அது பறவை வைரஸோடயும் மனுஷ வைரஸோடயும் கலந்துச்சு. பன்றியோட மூச்சுக்குழல்ல ரெண்டு வகை வைரஸும் ஒட்டிக்கலாம் என்பதால அது ஒரு கலவைப் பாத்திரம் மாதிரி. அப்புறம் ஐரோப்பிய, ஆசியப் பன்றி வைரஸோட துண்டுகளும் சேர்ந்து, எச்1என்1 புது வடிவத்துல மெக்சிகோவில் மனுஷனுக்குத் தாவினது. மெக்சிகோ பன்றிகள்லதான் இது உருவாச்சுன்னு 2016-ல் வந்த ஆய்வு காட்டுச்சு. ஆகவே பேரு முழுப் பொய் இல்ல. ஆனா தாவினதுக்கு அப்புறம் ஊர் ஊரா அதைத் தூக்கிட்டுப் போனது விமானத்துல ஏறின நாம. திருமுல்லைவாயில் குப்பைமேட்டுல மேஞ்ச பன்றிக்கும் மெக்சிகோவுக்கும் பாஸ்போர்ட் சம்பந்தம் கிடையாது. 2009 மே மாசமே கனடாவுல ஒரு பண்ணைப் பன்றிங்களுக்கு அந்த வைரஸ் வந்திருந்துச்சு. மனுஷங்ககிட்ட இருந்து வந்திருக்கும்னுதான் முடிவு பண்ணினாங்க. அதுக்கப்புறம் பல நாடுகள்லயும் இதே மாதிரி மனுஷன்கிட்டருந்து பன்றிக்குப் போச்சு.

உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் கடைசியிலேயே அந்தப் பேரை விட்டுட்டு எச்1என்1-னு மாத்திக்கிச்சு. அதே நாட்கள்ல எகிப்து அரசு நாட்டுல இருந்த சுமார் மூணு லட்சம் பன்றிங்களையும் கொல்ல உத்தரவு போட்டுச்சு. அப்போ அங்கே ஒரு நோயாளிகூட இல்ல. கெய்ரோவுல குப்பை அள்ளுற ஜனங்கதான் அதை வளர்த்தவங்க. ஊர்க் கழிவைத் தின்ன பன்றி போனதும் கெய்ரோ தெருவெல்லாம் குப்பை குவிஞ்சு நாறிச்சு. காய்ச்சல் மட்டும் வந்தே தீர்ந்துச்சு.

இவ்வளவு படிச்சப்புறம், பன்றி வளர்ப்பு பத்தி நேர்ல கேட்கலாம்னு காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பினேன். காட்டுப்பாக்கம்தானே, பூந்தமல்லி பக்கம்னு பஸ் ஏறிப் போய் இறங்கி டீக்கடையில கேட்டா, "சார், நீங்க சொல்றது தாம்பரம் தாண்டி, பொத்தேரிகிட்ட இருக்கிற காட்டுப்பாக்கம்". வழிஞ்சுக்கிட்டே ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பினேன். இன்னொரு நாள் சரியான காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட நிலையம். வெண்பன்றி வளர்க்கிறவங்களுக்குத் தெரிஞ்ச இடம்.

அப்படிக் கேட்டும் படிச்சும் சேர்த்ததைச் சுருக்கமா தர்றேன், யாருக்காவது உதவும். பன்றி இருமுதுன்னா எல்லாமே ஃப்ளூ இல்ல. மந்தை மொத்தமும் ஒரே நாள்ல படுத்து, ஒரு வாரத்துல எழுந்துட்டா அது ஃப்ளூ குணம். சாவு குறைவு. வளர்ற குட்டிங்க வாரக்கணக்கா வறட்டு இருமல் இருமி, தின்னாலும் எடை ஏறலேன்னா மைக்கோபிளாஸ்மா நிமோனியாவைச் சந்தேகப்படலாம். அதோட கிருமியை அடையாளம் கண்டது 1965-ல். நாய் மாதிரி உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கி, மூக்குல ரத்த நுரை வந்தா ஆபத்து, அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடணும். பி.ஆர்.ஆர்.எஸ். என்கிற வைரஸ் நோய் 2013-ல் மிசோரம் வழியா நம்ம நாட்டுல வெடிச்சுது. அதுல குட்டிங்க மூச்சுத் திணறும், சினைப் பன்றிங்க குட்டி போட்டுடும் குறைமாசத்துல. மண்ணுல மேயற பன்றிக்கு மண்புழு மூலமா நுரையீரல் புழுவும் வரும், அதனால குடற்புழு நீக்க மருந்து தவறக்கூடாது.

மருந்தை விடக் காத்துதான் முக்கியம். கொட்டில்ல நுழைஞ்சதும் நம்ம கண்ணு எரிஞ்சா, அமோனியா பன்றியோட நுரையீரலை அதுக்கு முன்னாடியே எரிச்சிருக்கும். நெருக்கி அடைக்கக்கூடாது. புதுசா வாங்கின பன்றியை ஒரு மாசம் தனியா வச்சுப் பார்க்கணும். ஒரு கொட்டில் குட்டிங்க மொத்தமா உள்ள போய், மொத்தமா வெளியே வந்து, கழுவிக் காயவிட்டு, அப்புறம்தான் அடுத்த கூட்டம். பன்றிக்கு வேர்வை சரியா வராது, ஆவடி வெயில்ல அது வாயைப் பிளந்தா முதல்ல நிழலும் தண்ணியும். வைரஸுக்கு ஆன்ட்டிபயாடிக் கேட்காது, பின்னாடி வர்ற பாக்டீரியாவுக்குத்தான், அதுவும் டாக்டர் சொன்னா மட்டும். கடைசியா ஒண்ணு: உங்களுக்கு ஜலதோஷம் இருந்தா கொட்டிலுக்குள்ள போகாதீங்க. பன்றியைக் காப்பாத்தணும்.

தெருவுல பன்றி மேயறது சரின்னு நான் சொல்ல வரல. மூளைக்காய்ச்சல், நாடாப்புழுன்னு அதுல நிஜமான ஆபத்துங்க இருக்கு. அந்த மனுவுல அதை எழுதியிருந்தா நான் இன்னிக்கும் கையெழுத்துப் போடுவேன். கொட்டில் கட்ட அவருக்கு ஒரு இடம் கொடுங்கன்னு இன்னொரு வரியும் சேர்த்திருப்பேன். நாங்க எழுதினது வேற. பயத்துக்கு ஒரு பேரு கிடைச்சுது, அந்தப் பேருல ஒரு பிராணி இருந்துச்சு, அந்தப் பிராணிக்கு ஒரு ஏழை சொந்தக்காரர் இருந்தார். அவ்வளவுதான்.

காலி மனையெல்லாம் இப்போ அபார்ட்மென்ட். பெரியவர் எங்கே இருக்கார்னு விசாரிச்சுப் பார்த்தேன், தெரியல. எங்கேயாவது பார்த்தா சொல்றதுக்கு இப்போ பதில் இருக்கு. நீங்க கேட்டது சரிதாங்க ஐயா.