எம்.பி.எஸ்ஸும் வயலின் வரிசையும்

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நான் வயலின் வாசிக்க வந்தது 1970களின் கடைசியில். அப்போது எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கால்ஷீட்டுக்கு இன்ன கூலி என்ற கணக்கு இருந்தது. அதை யார் போராடி வாங்கித் தந்தார்கள் என்று மூத்த வாசிப்பாளர்களைக் கேட்டால், எல்லோரும் சொன்ன பெயர் எம்.பி. சீனிவாசன்.

அன்றைய பதிவு முறையை இந்தத் தலைமுறைக்கு விளக்கத்தான் வேண்டும். பாடகரும் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். காலையில் நொட்டேஷனைப் பார்த்து எழுதிக்கொண்டு ஒத்திகை. எல்லாம் கைக்கு வந்த பிறகு டேக். கடைசிச் சரணத்தில் ஒருவருடைய வில் பிசகினாலும் அத்தனை பேரும் பல்லவியிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும். இப்படி உருவான பாட்டின் இசைத்தட்டில் அச்சானது படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் மட்டும். புல்லாங்குழல் யார், தபலா யார் என்று எங்கும் இருக்காது. கிடார் வாசித்த இளையராஜாவும் கீபோர்டு வாசித்த ரஹ்மானும் அந்தப் பெயரில்லாத வரிசையில் இருந்து வந்தவர்கள்தாம்.

1925இல் சித்தூரில் பிறந்த எம்.பி.எஸ்., மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். மணந்தது விடுதலைப் போராட்டத் தலைவர் சைஃபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை. மேடை அரசியலிலேயே அவர் நின்றிருக்கலாம். ஆனால் சினிமாவுக்கு வந்தார். வந்த இடத்திலும் தொழிலாளியைத்தான் பார்த்தார். 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய ‘தென்னங்கீற்று’ பாட்டு அந்தப் படத்தில்தான். அதே நிமாய் கோஷோடு சேர்ந்துதான் தென்னிந்தியத் திரைத் தொழிலாளர்களைச் சங்கங்களாகத் திரட்டினார். இசைக்கலைஞர் சங்கம் எழுந்தது அந்த உழைப்பில்.

இதில் நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. இசையமைப்பாளர் என்பவர் எங்களை வேலைக்கு அழைக்கிற இடத்தில் இருப்பவர். அந்த நாற்காலியில் அமர்ந்தவரே எதிர்வரிசையில் வாசிப்பவனுடைய கூலிக்காகப் பேசினார். அப்படிப் பேசுகிறவரைத் தயாரிப்பாளர்கள் தேடிவருவார்களா? தமிழில் அவருக்குக் கிடைத்த படங்கள் சொற்பம். மலையாளம்தான் அவரை வைத்துக் கொண்டாடியது. 1961 நவம்பர் 14 அன்று சென்னை பரணி ஸ்டுடியோவில், ‘கால்பாடுகள்’ படத்துக்காக யேசுதாஸின் முதல் திரைப்பாடலைப் பதிவு செய்தவர் அவர். ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ என்று அடூர் கோபாலகிருஷ்ணன் படங்களின் பின்னணி இசையும் அவருடையது.

1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கினார். பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்கள் பல சுருதி அடுக்குகளில் சேர்ந்து பாடும் முறை அது. தனிக்குரலையே கேட்டுப் பழகிய நம் ஊரில் கூட்டுக்குரலுக்கு மரியாதை தேடித் தந்தார். அவருடைய கட்சிப் பணி, சங்கப் பணி, இசைப் பணி மூன்றையும் பிரித்து எழுதுகிறவர்கள் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்றே சொல்வேன். மூன்றிலும் அவர் செய்தது ஒரே வேலை: பல பேரைச் சேர்த்து நிறுத்தியது.

1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார்.

அவரைப் பற்றியாவது நாலு பக்கம் எழுதக் கிடைக்கிறது. அவர் சங்கத்தில் இருந்தவர்களின் பதிவு வரலாறு அவர்களோடே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்து ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த தாத்தாவோ சித்தப்பாவோ இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். பழைய பாட்டைப் போட்டு, இந்த இடத்தில் ஷெனாய் யார், வயலின் யார் என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களைத் தேதியோடு எழுதி வையுங்கள்.