மேடு கட்டும் பறவைகள்

கோழி வரிசையைச் சேர்ந்த பட்சிகளுள், தம் உடலின் உஷ்ணத்தைக் கொண்டு முட்டைகளை அடைகாக்காமல், மட்கிய சருகுகளிலிருந்து எழும் வெப்பத்தாலோ, வெயிலில் காய்ந்த மணலின் வெப்பத்தாலோ, எரிமலைப் பிரதேசங்களில் பூமிக்கடியினின்று மேலே வரும் வெப்பத்தாலோ அவற்றைப் பொரிக்கச் செய்யும் ஒரு தனிக் குடும்பம் உண்டு. சாஸ்திர முறையில் மேகபோடியிடே எனப் பெயர் பெற்ற இக்குடும்பத்தில் ஏழு பேரினங்களும் இருபதுக்குச் சற்று அதிகமான இனங்களும் அடங்கும். குஞ்சு வெளிவந்த பின்னர் அதனைப் பேணாத இப்பறவைகளைப் பாசமற்றவை என்று கருதுவது பொருந்தாது. ஏனைய பறவைகள் குஞ்சின்மீது செலுத்தும் உழைப்பையெல்லாம், இவற்றுட் பல, குஞ்சு பிறக்குமுன்பே மண்ணின்மீது செலுத்திவிடுகின்றன. அவற்றின் வாழ்வும் தாழ்வும் அந்த மண்ணைப் பொறுத்தே அமைந்திருக்கின்றன.

வாழிடமும் தோற்றமும்

மேற்கே வங்காள விரிகுடாவிலுள்ள நிகோபார் தீவுகள் முதற்கொண்டு, பிலிப்பைன்ஸ், சுலவேசி, மொலுக்கஸ், நியூ கினி, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வழியாக, கிழக்கே பசிபிக் மகாசமுத்திரத்தில் தொங்கா இராச்சியத்தின் நியுவாபோ தீவுவரை இவை பரவியுள்ளன. உருவத்தில் நாட்டுக்கோழிக்கும் வான்கோழிக்கும் இடைப்பட்ட இவை, தடித்த கால்களும், மண்ணை வாரி எறிவதற்கேற்ற வலிய விரல்களும், நீண்ட நகங்களும் வாய்ந்தவை. பழுப்பு, சாம்பல், கறுப்பு ஆகிய நிறங்களே இறகுகளில் மிகுதி. மகெல்லனின் கடற்பயணத்தில் உடன் சென்ற இத்தாலியரான பிகபெட்டா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1521-ஆம் ஆண்டில் தாம் அறிந்த அதிசயங்களுள் ஒன்றாக, பெரிய முட்டைகளை மணலில் புதைத்து வெயிலின் வெப்பத்தாலேயே பொரிக்கவிடும் ஒரு பறவையைக் குறித்துள்ளார்.

மேட்டின் அமைப்பு

மேடு கட்டும் கலையில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது, தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் மாலிக்கோழியாகும். இலையுதிர் காலத்தில் ஆண்பறவை தரையில் அகன்ற குழி தோண்டி, சுற்றுப்புறத்துச் சருகுகளையும் சுள்ளிகளையும் காலால் தள்ளிக் கொணர்ந்து அதனை நிரப்பி, குளிர்கால மழையில் அவை நன்கு நனைந்த பின்னர், மேலே மணலைக் குவித்து மூடிவிடுகிறது. இவ்வாறு எழும் மேடு மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் வரை உயரமும் உடையது. ஈரச் சருகில் நுண்ணுயிர்கள் பெருகி அதனை மட்கச் செய்யுங்கால் உண்டாகும் உஷ்ணமே வசந்த காலத்தில் முட்டைகளுக்கு ஆதாரம். கோடையின் நடுப்பகுதியில் அது தணியத் தொடங்கும்போது சூரிய வெப்பம் அதன் இடத்தைப் பெறுகிறது.

ஆண்பறவை ஆண்டின் பெரும்பகுதியையும் இம்மேட்டின் பரிபாலனத்திலேயே செலவிடுகிறது. அலகை மணலுக்குள் செலுத்தி, வாயின் உட்புறத்தால் வெப்பத்தை உணர்ந்து, மிகுந்தால் அதிகாலையில் மணலைக் கலைத்துக் குளிரவிட்டும், குறைந்தால் வெயிலில் பரப்பிச் சூடேற்றிய மணலை மீண்டும் குவித்தும், முட்டையறையின் உஷ்ணத்தைச் சுமார் 33 டிகிரி செல்ஷியஸ் அளவில் நிலைநிறுத்த அது முயல்கிறது. 1950-களில் இப்பறவையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹாரி ஃபிரித், மேட்டினுள் மின்சாரச் சூடேற்றிகளைப் புதைத்து வெப்பத்தைத் தாமே மாற்றிப் பார்த்தபோது, பறவை அம்மாற்றத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் வேலையைத் திருத்திக்கொண்டது. எனவே, அது பழக்கத்தால் மட்டும் இயங்காமல், உஷ்ணத்தை அளந்தறிந்தே செயற்படுகிறது என்பது புலனாயிற்று.

கிழக்கு ஆஸ்திரேலியாவின் புதர் வான்கோழி, ஈரமான காடுகளில் சருகுகளையே பெருங்குவியலாகச் சேர்க்கிறது. இதன் மேட்டில் வெப்பம் சுமார் 34 டிகிரியாக இருக்குங்கால் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவும், அதனினும் குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகவும், கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகவும் வெளிப்படுகின்றன. ஒவ்வாத வெப்பத்தில் ஒரு பாலின் கருக்கள் அதிகமாக மடிவதே இதற்குக் காரணம்.

மேடின்றி முட்டையிடுவன

எல்லா இனங்களும் மேடு கட்டுவதில்லை. சுலவேசித் தீவின் மலேயோ பறவை, காட்டிலிருந்து இணையாக இறங்கி வந்து, சூடான கடற்கரை மணலிலோ வெந்நீர் ஊற்றுகளுக்கு அண்மையான நிலத்திலோ குழி பறித்து முட்டையிட்டு மூடிச் செல்கிறது. அம்முட்டை கோழி முட்டையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. 1859-ஆம் ஆண்டில் அத்தீவின் வடபகுதிக்குச் சென்ற இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இப்பறவையின் இயல்புகளைத் தமது மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் விரிவாக எழுதினார். சாலமன் தீவுகளைச் சேர்ந்த சாவோவிலும், நியுவாபோவிலும், எரிமலை வெப்பம் உறைந்த மண்ணே இக்குடும்பத்துப் பறவைகளுக்கு அடைகாக்கும் இடமாக உதவுகிறது.

முட்டையும் குஞ்சும்

இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு முட்டையிலேயே தொடங்குகிறது. கோழி முட்டையில் மஞ்சட்கரு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இம்முட்டைகளிலோ அது பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளது. கோழிக்குஞ்சு 21 நாட்களில் வெளிவர, இவை பொரிவதற்கு ஏழு வாரங்கள் முதல் பத்து வாரங்களுக்கு மேலும் ஆகலாம். பெண்பறவை சில நாட்களுக்கு ஒன்றாகவே முட்டையிடுவதால், ஒரே மேட்டில் வெவ்வேறு வயதுள்ள கருக்கள் ஒரே காலத்தில் வளர்கின்றன.

முதிர்ந்த குஞ்சு, ஓட்டைக் கால்களால் உதைத்து உடைத்துவிட்டு, தலைக்குமேல் கவிந்துள்ள மண்ணைச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளி மிதித்து, ஓரிரு நாள் உழைப்புக்குப்பின் வெளிப்படுகிறது. முழு இறகுடன் வரும் அது, தானே ஓடி ஒளிந்து, தானே இரை தேடி, ஒரு நாளைக்குள் பறக்கவும் வல்லது. தாயையோ தந்தையையோ அது அறிவதில்லை. பெற்றோரும் அதனை அறிவதில்லை.

நிகோபார் இனம்

இந்தியாவில் வாழும் ஒரே இனம் நிகோபார் தீவுகளில் உள்ளது. நாட்டுக்கோழியளவினதான இப்பழுப்புப் பறவையின் முகத்தில் சிவந்த தோல் தெரியும். கடற்கரையை அடுத்த காட்டில், பவள மணலையும் மட்கும் தழைகளையும் சேர்த்து இது எழுப்பும் மேடு பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுவதும், ஒன்றுக்கு மேற்பட்ட இணைகள் அதனைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றிருக்கிறது. இதன் வாழ்க்கை முறையையும் எண்ணிக்கையையும் 1990-களில் கள ஆய்வால் வெளிப்படுத்திய பணி, கோயம்புத்தூரைச் சார்ந்த சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆராய்ச்சியாளர்களுடையது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கரையோரக் காடுகளோடு இம்மேடுகளிற் பெரும்பாலானவற்றையும் அழித்தது; பறவைகளின் தொகையும் வெகுவாகக் குன்றியது.

அபாயமும் பாதுகாப்பும்

முட்டை பெரிதாகவும், அது கிடைக்கும் இடம் மாறாததாகவும் இருப்பதால், மனிதன் இதனை எளிதிற் கண்டு எடுக்கிறான். மலேயோ இன்று மிக அருகிவிட்டதற்கு இதுவும் காடழிப்பும் முக்கிய காரணங்கள். ஆஸ்திரேலியாவில் நரிகள் மாலிக்கோழிக் குஞ்சுகளைக் கொல்கின்றன. நிலம் திருத்துவோர் புதர்க்காட்டை அகற்றுகின்றனர். தீயால் எரிந்த பகுதியில் போதிய சருகு மீண்டும் சேரப் பல ஆண்டுகள் ஆவதால், அதுவரை அங்கே மேடு எழுவதில்லை. கூடு கட்டும் பறவை ஒரு மரம் வீழ்ந்தால் வேறு மரம் நாடும். சரியான மண்ணும் சரியான வெப்பமும் சேர்ந்த இடத்தையே நம்பிய இப்பட்சிகளுக்கோ அவ்வாறு இடம் மாறுவது எளிதன்று. ஆகவே, வேட்டையைத் தடுப்பதோடு அமையாமல், முட்டையிடும் கரைகளையும், பறவைகள் அங்கே வந்துபோகும் காட்டு வழிகளையும், சருகு உதிரும் மரங்களையும் ஒருசேரக் காப்பதே இவ்வினங்களைக் காக்கும் வழியாகும்.