முன்கணிப்பும் நிபந்தனையும்: மக்கள்தொகைக் கணக்கின் வரலாறு

மக்கள்தொகை முன்கணிப்பைக் குறிசொல்லுதலாகக் கருதுவோர் உளர். அதன் வரலாற்றை நோக்கின், அது 'பெருகும்' என்னும் வினைமுற்று அன்று, 'இவ்வாறு தொடர்ந்தால் பெருகும்' என்னும் நிபந்தனைத் தொடரே என்பது விளங்கும்.

1838இல் பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட், மக்கள்தொகை விரைந்து வளர்ந்து, ஓர் உச்ச வரம்பை நெருங்குகையில் தளரும் எனக் கொண்டு ஒரு வளைகோட்டை வகுத்தார். 1920இல் பேர்ல், ரீட் ஆகிய இருவரும் அத்தகைய வளைகோட்டைக் கொண்டு, அமெரிக்க மக்கள்தொகையின் உச்ச வரம்பு ஏறத்தாழ 197 மில்லியன் எனக் கணித்தனர். 1967இலேயே அது 200 மில்லியனை எட்டிவிட்டது. மொத்தத் தொகையை மட்டும் நோக்கிய அக்கணக்கில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறப்புகள் பெருகியதற்கு இடமில்லை.

வேறொரு வழியை 1895இலேயே இங்கிலாந்தின் எட்வின் கேனன் காட்டியிருந்தார். அவர் மக்களை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பத்தாண்டுகளுக்குப் பின் எஞ்சுவோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டார். 1928இல் வெல்ப்டன் இம்முறையை அமெரிக்காவில் விரிவாகக் கையாண்டார். 1945இல் லெஸ்லி இதற்கு அணி வடிவம் தந்தார். பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே கொள்ளும் இதுவே இன்றும் பெருவழக்கு.

ஆயினும், நிபந்தனை மாறினால் விடையும் மாறும். மக்கள்தொகைப் பெருக்கத்தை அஞ்சிய சிங்கப்பூர், 1972இல் இரு குழந்தைகளே போதும் என மக்களை வலியுறுத்தியது. 1970களின் நடுப்பகுதியில் பிறப்பு வீதம் பதிலீட்டு நிலைக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே சென்றது. 1987இல், இயன்றோர் மூன்றோ அதற்கு மேலோ பெறுக என்று கொள்கையே திரும்பிற்று. எனினும், இறங்கிய வீதம் பழைய நிலைக்கு மீளவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அடுத்த ஆறாண்டுகளில் தொடக்கநிலை ஒன்றில் சேரவிருக்கும் பிள்ளைகள் இன்றே பிறந்துவிட்டனர். அவர்களை ஓரளவு துல்லியமாகவே எண்ணலாம். அவர்களுள் எத்தனை பேர் தமிழைப் பேசியவாறு வகுப்பறைக்கு வருவர் என்பதை வயதுக் கணக்கு சொல்லாது. சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காட்டினர்; 2020இல் 48.3 விழுக்காட்டினர். இப்போக்கு தொடர்ந்தால் விளைவு யாதென நாம் அறிவோம். அந்தத் 'தொடர்ந்தால்' என்னும் சொல்லை மாற்றும் பொறுப்பு, வீட்டில் பெற்றோரிடமும் வகுப்பறையில் நம்மிடமும் உள்ளது.