பழைய மிதிவண்டியும் புதிய உறுப்புகளும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் இல்லங்கள் சிலவற்றில், மாடிப்படியின் அடியில் ஒரு பழைய மிதிவண்டி சாய்ந்திருக்கக் காணலாம். தந்தையார் அலுவலகம் சென்று வந்த வண்டி அது. விற்க மனம் வருவதில்லை. துருவேறிய நிலையில் ஓட்டவும் இயலுவதில்லை. இக்காலத்து உறுப்புகளைக் கொண்டு அதனை வீட்டிலேயே மீண்டும் ஓடச் செய்ய முடியுமா? இக்கேள்விக்கு விடை மிதிவண்டியின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

இன்று நாம் காணும் மிதிவண்டிக்கு அடிப்படை 1885-ஆம் ஆண்டில் அமைந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' வண்டியில், மிதிப்பவரின் வலிமை சங்கிலி வழியே பின்சக்கரத்தை அடைந்தது. அதற்கு முன்னர் மிகப் பெரிய முன்சக்கரத்தின் மீது அமர்ந்து சென்றவர்கள் தலைகுப்புற விழுவதுண்டு. 1888-இல் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பற்சக்கரங்களை அடக்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக அமைப்பு, 1903-இல் விற்பனைக்கு வந்தது. ஆக, இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே இவ்வண்டியின் அடிப்படைகள் நிலைபெற்று விட்டன எனலாம்.

நம் நாட்டிற்கு நெடுங்காலம் இவ்வண்டிகள் கப்பலில் வந்திறங்கின. விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் பர்மிங்காம் நகரத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆலை சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்து, 'ஹெர்குலிஸ்' வண்டிகளை அளித்தது. சோனிப்பட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் தோன்றின. வங்கத்து ஆஸன்ஸோலில் சென்-ராலே ஆலை இயங்கிற்று. வடக்கேயும் கிழக்கேயும் வாழும் நம்மவர்க்கு இவ்வூர்களின் பெயர்கள் புதியன அல்ல.

இவ்வாலைகளில் உருவான கனத்த வண்டிகள் ஆங்கில மாதிரியையே பின்பற்றின. அளவுகளும் அங்குலக் கணக்கிலேயே அமைந்தன. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் நிறைவேறிற்று. 1958 முதல் கடைத்தெருவில் சேரும் பவுண்டும் படிப்படியாகக் கிலோவுக்கு வழிவிட்டன. மிதிவண்டியோ 28 அங்குலச் சக்கரத்தையும் அரை அங்குலச் சங்கிலியையும் கைவிடவில்லை.

இந்தப் பிடிவாதமே இன்று நமக்குத் துணை செய்கிறது. சங்கிலியின் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஜப்பான் நாட்டு ஷிமானோ நிறுவனம் 1970-களில் இதனைப் பத்து மில்லிமீட்டராகக் குறைத்துப் பார்த்தது, அம்முயற்சி நிலைக்கவில்லை. அகலம் மட்டும் மாறியிருக்கிறது. பழைய வண்டியின் பற்சக்கரத்துக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல அகலமுள்ள சங்கிலி தேவை. பல வேக வண்டிகளின் சங்கிலி அதனினும் ஒடுங்கியது. அகலம் பார்த்து வாங்கினால், நேற்று ஆலையிலிருந்து வந்த சங்கிலியும் எழுபது ஆண்டு வண்டியில் இசைந்து ஓடும்.

எல்லா உறுப்புகளும் இவ்வாறு இசைவதில்லை. பழைய 28 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்தில் பரவலாக வழங்கும் 700சி ரிம்மில் அது 622. பழைய கம்பிப் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்துவன. புதிய அலுமினிய ரிம்மிலோ பக்கவாட்டில்தான் பிடிக்க இயலும். ஆதலின் ரிம்மை மாற்றுவோர் பிரேக்கையும் மாற்ற நேரிடும். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்பது பழைய ஆரக்கம்பிக் கணக்கு. இன்றைய குடங்கள் பல 36 துளை உடையவை. இவற்றை எண்ணிப் பாராமல் கடைக்குச் செல்வது வீண் செலவுக்கே வழி.

இதனை நாங்கள் பட்டறிந்தோம். எங்கள் தந்தையார் மாற்றலாகி வடக்கே வந்தபோது ரயிலில் உடன் கொண்டுவந்த வண்டியை, அவர் மறைந்த பின்னர் உடன்பிறந்தார் இருவருமாகப் பிரிக்கத் தொடங்கினோம். மிதிகட்டை அச்சைத் தாங்கும் பி.பி. கப்புகளில் இடப்புறத்தது எளிதில் கழன்றது. வலப்புறத்தது அசையவில்லை. துரு என்று கருதி, ஸ்பானரில் குழாயைச் செருகி, சுத்தியலாலும் அடித்தோம். கப்பின் விளிம்பு மழுங்கியதோடு, சட்டத்தின் மரையும் ஓரளவு கெட்டது. வலப்புறக் கப்பிற்கு மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். அதனைக் கழற்றக் கடிகாரமுள் செல்லும் திசையில் திருப்ப வேண்டும். கழற்றுவதாக எண்ணி நாங்கள் மேலும் மேலும் முறுக்கிக் கொண்டிருந்தோம்! மிதிக்கும்போது தானே தளராதிருக்க அக்காலத்தவர் செய்த ஏற்பாட்டை அறியாமல், தந்தையார் நாற்பது ஆண்டு பேணிய சட்டத்தை ஒரு மாலைப்பொழுதில் இழக்க இருந்தோம்.

தெருமுனையில் கடை வைத்திருந்த முதிய தொழிலாளி ஒருவர், கப்பைச் சரியான திசையில் திருப்பிக் கழற்றி, மரையைப் பொறுமையுடன் மீண்டும் வெட்டிக் கொடுத்தார். அதன் பின்னரே அளவுகோலும் குறிப்பேடும் எங்கள் கைக்கு வந்தன. குண்டுகள் உள்ளடங்கிய புதிய அச்சையும், காட்டர் பின் வேண்டாத கிராங்கையும், புதிய சங்கிலியையும், எல்.இ.டி. விளக்கையும் பொருத்தினோம். மூன்று வேகக் குடத்தின் மீது ஆசை இருந்தது. எங்களுக்குக் கிடைத்த குடத்தில் 36 துளைகளே இருந்தமையால் அதனை விடுத்தோம். சட்டம், முன்கவை, கைப்பிடி, ரிம்கள், கம்பிப் பிரேக், மணி ஆகியன பழையனவாகவே இருக்கின்றன.

இத்தனை உறுப்புகளை மாற்றிய பின்னும் அது தந்தையாரின் வண்டிதானா என்று சிலர் வினவலாம். தேயும் உறுப்பை மாற்றி, தேயாத சட்டத்தைக் காப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. அவரும் தம் காலத்தில் எத்தனையோ முறை டயரும் சங்கிலியும் மாற்றியவரே. ஆகவே, பழைய வண்டியைப் புதுக்க விழைவோர் முதலில் அதனை அளந்து அறிக. அளந்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும். நமக்கு முன்னிருந்தவர்களின் கைவேலைக்கு நாம் செய்யும் மரியாதை அங்கிருந்தே தொடங்குகிறது.