செக்ரோலும் துண்டும்: மாத்தளைத் தோட்டங்களின் கணக்கு அடுக்குகள்

மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை ஊடாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்த தொழிலாளரின் துயர் பலராலும் எழுதப்பட்டுள்ளது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும், 1880இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்ததும், தேயிலை கோப்பியின் இடத்தைப் பற்றிக்கொண்டதும் யாவரும் அறிந்தவையே. ஆயின், அம்மக்களின் உழைப்பு ஏட்டில் எவ்வாறு பதியப்பட்டது என்பது அத்துணை விரிவாக நோக்கப்படுவதில்லை. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பதிவுகள் இருந்தன. அடியில் கங்காணியின் தலையெண்ணிக்கை. அதன்மேல் கணக்கப்பிள்ளையின் குறிப்பு. அதற்கும் மேல் காரியாலயத்துச் செக்ரோல். உச்சியில் கொழும்பு முகவர் நிறுவனத்திற்குச் சென்ற மாதக் கணக்கு. மேலே செல்லச்செல்ல விவரம் குறைவது இயல்பே. கொழும்பில் இருப்பவருக்கு ஒவ்வொரு மலையிலும் நின்ற ஒவ்வொருவரின் பெயரும் வேண்டியதில்லை. ஆனால் மேலுள்ள தொகை கீழுள்ள பெயர்களுக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

இவ்வொத்திசைவைப் பேணுதற்கு வலுவான நடைமுறைகள் இருந்தன. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்தனர், மலையில் மீண்டும் எண்ணினர், கொழுந்தை நிறுத்தனர், மாலையில் பேர் போட்டனர். குறித்த அளவு வேலை முடியாதவர்க்கு ‘அரைப்பேர்’ விழுந்தது. ஏட்டில் இழுக்கப்பட்ட அந்த ஒரு கோடு தொழிலாளியின் கூலியைக் குறைத்தது. தோட்டத்தின் செலவையும் குறைத்தது. பெரிய கங்காணிக்கோ, தம் ஆட்களுள் வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைப்படி தலைக்காசு கிடைத்தது. எனவே எண்ணிக்கை உயர்வதில் அவருக்கும், செலவு குறைவதில் துரைக்கும் நாட்டம் இருந்தது. நாம் இன்று நடுநிலையான சான்றாகக் கொள்ளும் செக்ரோல், உண்மையில் இவ்விரு நாட்டங்களுக்கிடையே எழுதப்பட்ட ஏடு என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

வருகைக் கணக்கிற் காட்டப்பட்ட இக்கண்டிப்பு கடன் கணக்கிற் காட்டப்படவில்லை. தோட்டம் பெரிய கங்காணிக்கு முன்பணம் கொடுத்தது. அது அவர் பெயரில் ஒரே தொகையாக நின்றது. அத்தொகை எவரெவர்க்கு எவ்வளவாகப் பகிரப்பட்டது என்பது கங்காணியின் கைக்கணக்கைச் சார்ந்தது. தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல வேண்டின் ‘துண்டு’ எனும் சீட்டு தேவைப்பட்டது. குறித்த கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாக அச்சீட்டுக் கூறியது. புதிய தோட்டம் செலுத்திய பணம் மீண்டும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏறியது. எழுத்தறியாத ஒருவர் தம் கடன் சரியா என ஒத்துப்பார்ப்பதற்கு எந்த ஏடும் அவர் கையில் இருக்கவில்லை. மேலடுக்கில் கணக்கு நேராகவே இருந்தது. கீழடுக்கைத் திறந்து பார்க்கும் தேவை எவருக்கும் எழவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

இவ்வேடுகளின் முரண்பாடு பெருங்கேடு விளைத்தது இன்னொரு களத்திலாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் இடையறாது வசித்தமையை எழுத்துமூலம் நிறுவ வேண்டியிருந்தது. மணமானவர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும் 1946க்கு முந்திய வசிப்பு கேட்கப்பட்டது. தோட்டப் பதிவேடுகளை விட்டால் அவர்களிடம் வேறு சான்று ஏது? செக்ரோலோ கூலி கொடுப்பதற்காக எழுதப்பட்டது. ஆளை அடையாளங் காட்டுதற்காக அன்று. ஒரு தோட்டத்திற் பல இராமசாமிகள் இருப்பர்; அவர்களைக் கங்காணியின் பெயரைக் கொண்டே பிரித்தறிந்தனர். செக்ரோலில் மாரியாயி என நின்றவள் பிறப்புப் பதிவில் மாரியம்மா ஆகலாம். கங்காணிக்கு இருவரும் ஒருத்தியே என்பது தெரியும். விசாரணை அலுவலர்க்கு அவர்கள் இருவர். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் உள்ளடங்கிய விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. நிராகரிப்புகள் அனைத்திற்கும் பெயர் வேறுபாடே காரணம் என்பது மிகை. அரசின் நோக்கமே குறுகியது என்பதை மறைத்தலாகாது. எனினும் அந்நோக்கத்திற்கு ஏடுகளின் பிணக்கு வாய்ப்பான கருவியாயிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. செக்ரோல் மட்டும் கைமாறிக் கைமாறி நிலைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் குடியுரிமை வழங்கியது. எனினும், ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதிய தொழிலாளி, செக்ரோற் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒருவருடையவே என நிறுவ இன்றும் சத்தியக் கடதாசி தேடி அலைவதுண்டு.