சோறு துரை கணக்கில், கறி நம் கணக்கில்

இனிப்பு நீரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஈப்போவில் நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "நம்ம ரத்தத்துலயே இருக்கு." இன்னொன்று, "நம்ம ஆளுக்கு வாயைக் கட்டத் தெரியாது." முதல் பதில் பழியை முன்னோர் மேல் போடுகிறது. இரண்டாவது பதில் நோயாளியின் மேல் போடுகிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நம் தட்டில் சோறு மலையாகவும் கறி ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் ஆனது எப்போது, யாரால் என்று இந்தப் பதில்கள் கேட்பதில்லை.

2019-ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பேராக்கில் தோட்டத்திலிருந்து வந்த எந்தக் குடும்பத்தையும் கேளுங்கள், கால் எடுத்தவர் ஒருவர், டயாலிசிஸுக்குப் போகிறவர் ஒருவர் என்று கணக்கு சொல்வார்கள். என் குடும்பமும் விலக்கில்லை. அதனால்தான் இந்தத் தட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வரலாறு விநோதமான இடத்தில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் சோற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈய வயல்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இதில் செத்தார்கள். அதே நாட்டில் கூலி வேலை பார்த்த தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன் இதைக் கவனித்து 1907-ல் புத்தகமாக எழுதினார். சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி என்பதுதான் வித்தியாசம்.

வில்லியம் பிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். பாதிப் பேருக்கு வெள்ளை அரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் செத்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. இன்று எந்த மருத்துவரும் இப்படிச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தையமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரியவந்தது. ஆக, ஊரிலிருந்து மூட்டையோடு வந்த ஒரு சமையல் பழக்கம் நம் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் பெரிபெரி வராததால் தமிழனின் சாப்பாடு நல்ல சாப்பாடு என்று ஆகிவிடாது. தோட்டத்தில் அரிசி ஒரு கணக்கு, மற்றதெல்லாம் வேறு கணக்கு. தொழிலாளி உயிரோடிருந்து மறுநாள் பெரட்டுக்கு வர எவ்வளவு தேவை என்று ஒரு செலவுப் பட்டியல் போட்டு, அதிலிருந்துதான் காலனி அரசு கூலியை நிர்ணயித்தது. அந்தப் பட்டியலின் தலையில் இருந்தது அரிசி. அரிசியை மொத்தமாக இறக்கிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது தோட்டங்களின் வழக்கம். பருப்பு, கருவாடு, எண்ணெய், புளி எல்லாம் மிச்சக் கூலியில் அல்லது கடைப் பற்றில். ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி 1930-களின் மந்தத்தில் 30 காசுக்கும் கீழே போனது. அப்படிப் போகும்போது எது குறையும்? சோறு குறையாது, வயிறு கேட்காது. குறைவது கறிதான். "சோறு துரை கணக்குல வந்துரும், கறிய நாமதான் தேடிக்கணும்" என்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி சொல்வார்.

தேடிக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லயத்துக்குப் பின்னால் கோழி, ஆடு, சில வீடுகளில் மாடு. ஆற்றில் மீன், மழைக்காலத்தில் காளான், முருங்கைக்கீரை, நெத்திலி போட்ட சம்பல். வெள்ளனே எழுந்து முந்நூறு நானூறு மரம் வெட்டி, மங்குப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் நடந்த உடம்பு, தின்ற சோற்றை எரித்துவிடும். சோறு மிகுந்த தட்டு உழைப்பால் ஓரளவு சமன்பட்டது.

இதே காலத்தில் தமிழ்நாட்டுக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு மக்கள் சாப்பிடும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்தார். முழுக் கோதுமை, பால், தயிர், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பிரதானமான 'மதராசி' உணவைத் தின்றவை வரிசையின் கடைசியில் நின்றன. எலிகளைப் பொறுத்தவரை முடிவு சரி. எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். 'மதராசி உணவு' என்று அவர் எழுதியது ஏழையின் உணவு. மதராஸ் மாகாணத்திலும் பாலும் தயிரும் பருப்பும் தாராளமாகப் புழங்கிய வீடுகள் இருந்தன. ஏழைமையை ஓர் இனத்தின் குணமாகப் பெயரிட்டால், பிறகு அதை மாற்ற யாரும் கடமைப்பட்டவர் இல்லை. "நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்ற பேச்சை எப்போது கேட்டாலும் எனக்கு இந்த எலிகள்தான் நினைவுக்கு வரும்.

ஜப்பான்காரன் காலம் தட்டை இன்னும் மோசமாக்கியது. போருக்கு முன்பே மலாயா தன் அரிசியில் பெரும்பங்கை வெளியிலிருந்துதான் வாங்கியது. 1942-க்குப் பிறகு கப்பல் நின்றது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ ஏழு கிராம் புரதம் உண்டு. அதே அளவு பச்சை மரவள்ளியில் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. வயிறு நிறையும், உடம்பு கரையும். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் கதை தனி. தோட்டத்திலேயே தங்கியவர்களையும் பசி விடவில்லை.

புரதம் இல்லாத வயிற்று நிறைவு குழந்தையை என்ன செய்யும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன சிசிலி வில்லியம்ஸ் அப்போது இங்கேதான் இருந்தார். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளின் வீக்க நோய்க்கு 'குவாஷியோர்கர்' என்ற பெயரை 1935-ல் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் அவர். பிறகு மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பால் கொடுத்துக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்று 1939-ல் சிங்கப்பூரில் பகிரங்கமாகப் பேசினார். ஜப்பானியர் அவரைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். டின் பால் மட்டும் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் நம் தே தாரிக்கிலும் ஈப்போ வெள்ளைக் காப்பியிலும் இருப்பது அதுதான். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை.

1948-ல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு உணவு போகாமல் தடுக்க அரிசி பங்கீடாயிற்று. வேலிக் கதவில் சோதனை. வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துப்போக முடியாது. பேராக்கின் சில பகுதிகளில் அரிசியைப் பொதுவாகச் சமைத்துச் சோறாகவே கொடுத்தார்கள், கடத்திச் சேமித்தால் கெட்டுப்போகட்டும் என்று. நம் சோற்றை இன்னொருவர் அளப்பது என்ற பழக்கம் சுதந்திரம் வரும்வரைக்கும் தொடர்ந்திருக்கிறது.

என் பார்வையில் பெரிய உடைசல் அதற்குப் பிறகுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகரோரங்களுக்கு, மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். நான்காவது மாடியில் ஆடு கட்ட முடியாது, கோழி வளர்க்க முடியாது. நடை போய் மோட்டார் சைக்கிள் வந்தது. மரம் வெட்டிய கை பாதுகாவலர் நாற்காலியில் உட்கார்ந்தது. புரதம் தந்த வழிகள் அடைபட்டன, சோற்றை எரித்த உழைப்பு நின்றது. சோறு அப்படியே இருந்தது. பல வீடுகளில் புழுங்கலரிசியும் போய்ச் சயாம் வெள்ளை அரிசி வந்தது. 2013 அக்டோபர் வரை சர்க்கரைக்கு அரசே மானியம் கொடுத்தது. மீனுக்கு அப்படி எதுவும் இல்லை.

சமநிலை ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். உடம்பு முதலில் தேடுவது புரதத்தை. தேவையான புரதம் கிடைக்கும்வரை பசி அடங்காது. தட்டில் புரதம் கம்மி என்றால் அதை எட்டிப்பிடிக்க மாவுச்சத்தை அதிகமாகத் தின்றுகொண்டே போவோம். மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்கிறவனை 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்கிறோமே, அவன் உடம்பு கேட்பது ஒருவேளை சோறாக இல்லாமலிருக்கலாம்.

அதற்காகச் சோற்றை விரோதியாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பதினைந்தாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2018-ல் வந்த ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்தாக இருந்தவர்களுக்கே இறப்பு அபாயம் குறைவு. மிக அதிகமும் ஆபத்து, மிகக் குறைவும் ஆபத்து. இந்தியாவில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, மக்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கண்டது. அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு வகை அல்லது பால் வகைப் புரதமாக மாற்றினாலே அபாயம் குறைகிறது என்றும் சொன்னது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும். புரதப் பொடி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்கிறது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். நல்ல பாடம். ஆனால் கிளினிக்கில் "சோத்த கொறைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த அம்மா காலியான முக்கால் தட்டை எதை வைத்து நிரப்புவார்? ஈப்போ புந்தோங்கில் தலைமுறைகளாகக் கச்சாங் பூத்தே விற்றே பிழைத்த குடும்பங்கள் இருக்கின்றன. அவித்த கொண்டைக்கடலையும் பருப்பும் பயறும் மலிவான புரதம், நம் நாக்குக்குப் பழகியதும்கூட. அதைக் கொறிக்கும் பண்டமாக வைத்துவிட்டுச் சோற்றைச் சாப்பாடாக வைத்திருக்கிறோம். தட்டுக்குள் கொண்டுவரலாம், உடனே செய்யக்கூடியது அது. மீனும் முட்டையும் அன்றாடம் வாங்குகிற கூலி என்பது கிளினிக்கில் எழுதித் தர முடியாத மருந்து. அதை 1930-களிலும் கேட்டார்கள், இப்போதும் கேட்க வேண்டியிருக்கிறது.