பட்டாவாகிப்போன வாக்காளர் பட்டியல்

மும்பையின் தாராவியில் வாக்காளர் பட்டியல் ஓட்டுப் போட்டதும் மறந்துவிடும் காகிதமல்ல. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் வீடு கேட்பவர், அரசு குறித்த தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும். அதற்குரிய முக்கியச் சான்றுகளில் ஒன்று பழைய பட்டியலில் உள்ள பெயர். பட்டா இல்லாதவருக்கு ஓட்டே பட்டா.

அமெரிக்காவில் 1,779 கொள்கைப் பிரச்சினைகளை ஆராய்ந்த மார்ட்டின் கிலன்சும் பெஞ்சமின் பேஜும், கொள்கை முடிவுகளில் சராசரிக் குடிமக்களின் விருப்பத்துக்குத் தனிச் செல்வாக்கு அநேகமாக இல்லை என்று 2014இல் எழுதினார்கள். மும்பைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே ஏழையின் ஓட்டு, வீடு பெறுவதற்கான அந்த வரம்புத் தேதியையே நகர்த்தியிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் குடிசைக் கணக்கெடுப்பிலிருந்து 1995க்கும், பிறகு 2000க்கும் வரம்பு தள்ளிப்போனதில் தேர்தல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 2004இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். வரம்பை 2000 வரை நீட்டுவதாகச் சொன்ன காங்கிரஸ் கூட்டணி அக்டோபரில் வென்றது. டிசம்பரில் புல்டோசர்கள் வந்தன. பல்லாயிரம் குடிசைகள் தரைமட்டமாயின.

சரி, இடித்துக் கட்டுவதற்கான ஒப்புதல் என்ற இடத்துக்கு வருவோம். குடிசைவாசிக்கும் பிளாட்காரருக்கும் உள்ள வேற்றுமை துலக்கமாகத் தெரிவது அங்கேதான். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் பிளாட் வைத்திருப்பவரின் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட, 2019ஆம் ஆண்டு விதிப்படி 51 சதவீத உறுப்பினர்களின் சம்மதம் வேண்டும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கோ குடியிருப்போரின் சம்மதமே தேவையில்லை என்று விலக்கு உண்டு. மொழி ஒன்றுதான்; ஆனால் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரனுக்கும், அலுவலக வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறியவரின் பேரனுக்கும் இந்த ஒரு விஷயத்தில் குடியுரிமை ஒன்றல்ல.

இந்தத் திட்டத்துக்கான ஏலத்தில், 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க் கேள்வியோடு அதானி குழுமம் முந்தியது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. அந்த ஆண்டு மார்ச்சிலேயே மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, நிர்வாகியின் ஆட்சி வந்துவிட்டிருந்தது. 2024 அக்டோபரில் தேவ்நார் குப்பைமேட்டின் 124 ஏக்கரை மாநில அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒதுக்கியபோது, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலரும் பதவியில் இல்லை.

அடுத்த மாதமே சட்டமன்றத் தேர்தல். ஒப்பந்தத்தை ரத்துசெய்வோம் என்ற அணியின் வேட்பாளர் ஜோதி கெய்க்வாட் தாராவியில் வென்றார். மாநிலம் மறுபக்கம் சாய்ந்தது. இதுவும் ஜனநாயகம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் விதர்பாவின் வாக்காளருக்குத் தாராவி பல விஷயங்களில் ஒன்று. தாராவிக்காரருக்கு அது தலைக்கு மேலிருக்கும் கூரை.

திட்டத்தின்படி, தரைத்தளத்தில் 2000க்கு முன்பே குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். ஏணி வைத்து ஏறும் மேல்மாடியில் இருப்பவருக்கு வெளியே எங்கோ வாடகை வீடு. அவர் போனால் ஓட்டும் கூடவே தொகுதி மாறும். அடுத்த தேர்தலில் தாராவியைப் பற்றிப் பேசும் வேட்பாளர் அவர் கதவைத் தட்ட வேண்டியதில்லை.